கண்டி வழக்கறிஞரின் குற்றக் கதை

"மர்மக் கதையா? அது பஸ்ஸில வாசிச்சுப் போட்டு வீசுறதுதானே" என்று நம்மவர்களில் சிலர் இலேசாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படும் 'அசன்பேயுடைய கதை' (1885) ஒரு குற்றத்தைச் சுற்றித்தான் நகர்கிறது. எழுதியவர் கண்டியில் பிறந்து அங்கேயே சட்டத்தொழில் புரிந்த அறிஞர் சித்தி லெப்பை (1838–1898).

கெய்ரோவின் உயர்குடிக் குழந்தையொன்று கடத்தப்படுகிறது. பம்பாயில் வளர்ந்து கல்கத்தா செல்கிறது. இவன் யார் பெற்ற பிள்ளை? இந்தக் கேள்விதான் வாசகரை இழுத்துச் செல்கிறது. துப்பறிவாளர் எவருமில்லை. ஷெர்லாக் ஹோம்ஸே 1887இல்தான் அச்சேறினார். அசனின் நற்குணத்தில் ஆசிரியருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. அதனால் சில இடங்களில் விறுவிறுப்புக் குறைவது உண்மை.

வழக்குகளோடு வாழ்ந்தவர், கண்டியை விட்டு ஏன் மிஸ்றுக்குப் போனார்? 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியவர் அவர். 1883இல் ஒறாபி பாஷா நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்தார். அன்று மிஸ்று நம்மட பேச்சிலே இருந்த நாடு. சமூகத்தின் பார்வையை அகலமாக்க அந்தக் களம் அவருக்கு உதவியது.

ஆனால் அவர் அன்றாடம் கண்ட கண்டி நீதிமன்றம் கதைக்கு வெளியே நின்றுவிட்டது. "முதல் நாவல்" என்று மேடையில் பெருமை பேசினால் மட்டும் போதாது. நூலை வாசிக்கவும் வேணும். அவர் எழுதாமல் விட்ட கண்டியை யாராவது எழுதவும் வேணும்.