போரில் சூழ்ச்சியும் வஞ்சமும்: பொறியானையும் பொய்வேடமும்

போரில் மறைவுச் செயலைத் தமிழ் இலக்கண மரபு முற்றாக விலக்கவில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் முதலில் வைக்கும் வெட்சி, வேந்தன் ஏவலால் பகைப்புலத்து ஆநிரையைக் களவிற் கவர்தலாகும். ஆயினும் கவர்ந்த நிரையைப் பேணிக் காத்தலும் அத்திணையின் இலக்கணத்துள் அடங்குகிறது. களவுக்கும் எல்லை உண்டு என்னும் இக்கருத்தின் ஒளியில் இரு கதைகளை ஒப்புநோக்கலாம்.

முதலாவது உதயணன் கதை. பெருங்கதையின் தொடக்கப் பகுதி கிடைக்காமையால், அவன் சிறைப்பட்ட செய்தியை உதயணகுமார காவியத்தின் துணையோடு அறிகிறோம். உஞ்சை வேந்தன் பிரச்சோதனன் வீரரை உள்ளே மறைத்த பொறியானையைக் காட்டில் நிறுத்துகிறான்; யாழிசையால் களிறடக்க வல்ல உதயணன் அதனை நாடிச் சென்று அகப்படுகிறான். அமைச்சன் யூகி, தான் இறந்ததாகச் செய்தி பரப்பி, மாற்றுருவில் உஞ்சை புகுந்து, நளகிரி என்னும் களிற்றை வெறிகொள்ளச் செய்கிறான். அதனை அடக்க உதயணனே வேண்டப்படுகிறான். பொய்யானையிடம் அவனைச் சிறைப்படுத்திய கலையே மெய்யானையிடம் விடுவிக்கிறது. சூழ்ச்சி இங்கு ஆளை ஏமாற்றுகிறது, கலையைக் கெடுக்கவில்லை.

இரண்டாவது, பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, சுவடிக்கட்டினுள் படைக்கருவியை மறைத்துத் திருக்கோவலூர் அரண்மனை புகுந்து, தன்னை வணங்கிய மன்னனைக் குத்துகிறான். அவனை வெட்ட முனைந்த தத்தனைத் தடுத்த மன்னன், அவனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடப் பணிக்கிறான். இதனை அடியார் பத்தியாக மட்டும் காண்பது போதாது. தத்தனின் வாள் வீழ்ந்திருப்பின், அடுத்து வரும் மெய்யடியாரும் ஐயத்துக்கு உள்ளாவர். உயிர் பிரியும் வேளையில் மன்னன் காத்தது பகைவனை அன்று. வேடத்தின்மீது மக்கள் வைத்த நம்பிக்கையை.

ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறையின் 37ஆம் பிரிவும் இவ்வேறுபாட்டையே வரையறுக்கிறது. உருமறைப்பு, போலிப்பொருள், பொய்ச்செய்தி ஆகியவை அதன்படி போர்ச்சூழ்ச்சிகள், அவை ஏற்கப்படுகின்றன. சட்டம் காப்பளிக்கும் நிலையில் இருப்பதாக நடித்து, எதிரியின் நம்பிக்கையைப் பெற்றுக் கொல்லுதலோ வஞ்சம், அது தடைசெய்யப்படுகிறது. பொறியானை முன்னதன் பாற்படும். முத்தநாதனின் வேடம் பின்னதற்கு நெருங்கியது.

எனவே போர்த்தந்திரத்தை மதிநுட்பம் ஒன்றாலேயே அளக்கும் திறனாய்வு குறையுடையது. இரண்டும் நுட்பமானவையே. எதைக் கருவியாக்கியது, அக்கருவி பிறர்க்கு இனியும் பயன்படுமா என்பவையே உரிய அளவுகோல்கள்.