நிறச்சொற்களும் ‘-ஆலும்’ என்னும் ஈறும்

தமிழில் ஒருவரைச் ‘சிவப்பு’ என்றால் செந்நிறத்தவர் என்பது பொருளன்று. உடல்நிறத்தைச் சுட்டுங்கால் சிவப்பு, மாநிறம், கறுப்பு என்பன வண்ணப் பெயர்களாக நில்லாமல் ஏணிப்படிகளாகிவிடுகின்றன. அகராதி இதனை ஓரளவே காட்டும். தொடரமைப்பு தெளிவாகக் காட்டும். ‘கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்’ என்பது இயல்பு வழக்கு. ‘சிவப்பாக இருந்தாலும்’ எனத் தொடங்கினாலோ, கேட்போர் ஏதேனுமொரு குறையையே எதிர்பார்ப்பர். பேசுவோர் வெளிப்படக் கூறாத மதிப்பீட்டை ‘-ஆலும்’ கூறிவிடுகிறது.

ஷங்கர் இயக்கத்தில் 2007இல் வெளிவந்த ‘சிவாஜி’ திரைப்படம் இத்தொடரையே காட்சியாக்கியது எனலாம். ரஜினிகாந்த் ஏற்ற நாயகப் பாத்திரம் நிறத்தை வெளுப்பாக்க முயல்கிறது. ஒரு பாடலில் கணினி வரைகலையால் வெள்ளையராகவே தோன்றுகிறது. முயற்சி நகைப்புக்குரியதாயினும் அவர் நாயகரே. ‘கறுப்பாக இருந்தாலும்’ என்ற தொடர் அவரளவில் முற்றுப்பெறுகிறது. அதே படத்தில் கருமை பூசப்பெற்ற இரு இளம்பெண்கள் வருகின்றனர். அவர்களைக் கண்டதும் பிறர் அஞ்சி விலகுவதே நகைச்சுவை. அவர்களுக்குப் பயனிலையே வாய்க்கவில்லை.

அப்பெண்களின் பெயர்கள் அங்கவை, சங்கவை. புறநானூறு ‘பாரி மகளிர்’ என்று மட்டும் குறிக்கும் இருவருக்குப் பிற்கால மரபு வழங்கிய பெயர்கள் அவை. மேனிநிறத்தின் அழகை ‘மாமைக்கவின்’ எனப் போற்றி, அது பசலையால் அழிவதற்கு வருந்திய இலக்கியத்தின் பக்கத்திலிருந்து பெயர்களை எடுத்து, நிற ஏளனத்துக்கு அடையாளமாக்கியது பொறுக்கத்தக்கதன்று. (மாமை முழுக் கருமையன்று, ஐங்குறுநூறு அதனை நாருரித்த ஆம்பல் தண்டோடு ஒப்பிடுகிறது. சங்க காலத்தில் நிறவேற்றுமையே இல்லை என இதனால் நிறுவ முயல்வது மிகை.) பாரியை அறியாத பிறமொழிப் பார்வையாளருக்கோ இப்பெயர்கள் வெறும் ஒலி, மொழிபெயர்ப்பில் எஞ்சுவது கருமை பூசிய முகம் மட்டுமே.

இந்தியாவில் 1975இல் அறிமுகமான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. ஒரு சொல் மாறியது. ஏணி மாறியதாகத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளரும் இத்தகைய மாற்றத்துக்கு ஆட்படுகின்றனர். ‘கறுப்பாக இருந்தாலும் அழகி’ என்பதைக் ‘கறுத்த அழகி’ என்னும் பொருள்படப் பெயர்ப்பது நாகரிகமாகத் தோன்றலாம். ஆயின் அது மூலத்தில் பேசுவோரின் பாகுபாட்டை மறைத்துவிடுகிறது. அந்த ‘-ஆலும்’ பெயர்ப்பிலும் உறுத்தவே வேண்டும்.