உயரமும் பெருமையும்

பொதுவிடத்தில் நிறுவப்படுஞ் சிற்பத்துக்கு அளவென்பது அழகின்பாற்பட்டது மட்டுமன்று. அதுவே ஒரு கருத்துமாகும். இலண்டன் மாநகரின் திரபல்கர் சதுக்கம் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

சதுக்கத்தின் நடுநாயகமாய் விளங்குவது நெல்சன் தூண். வில்லியம் ரெயில்ரன் வகுத்த அமைப்பின்படி 1840இல் தொடங்கிய வேலை 1843இல் உச்சியிற் சிலையை ஏற்றுமளவுக்கு வளர்ந்தது. சிலையோடு அதன் உயரம் ஏறக்குறைய 169 அடி. இத்துணை உயரத்தில் நிற்குங் கடற்படைத் தலைவனின் முகத்தை நிலத்தில் நிற்போர் தெளிவுறக் காண்டல் அரிது. மனிதனைப் போற்ற எழுந்த தூண் மனிதனை மறைத்துவிட்டது. எஞ்சி நிற்பது வெற்றி என்னுஞ் செய்தி ஒன்றே.

சதுக்கத்து மூலைகள் மூன்றில் நான்காம் ஜோர்ஜ் மன்னரும், சிந்து நாட்டைக் கைப்பற்றிய நேப்பியரும், 1857ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சியை அடக்குவதிற் பங்குகொண்ட ஹவ்லொக்கும் நிற்கின்றனர். நான்காம் வில்லியம் மன்னரின் சிலைக்கென 1841இல் அமைந்த நான்காம் பீடமோ, பொருள் போதாமையால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வெறுமையாய்க் கிடந்தது.

1999இல் மார்க் வாலிஞ்சர், கைகள் பிணிக்கப்பட்ட கிறிஸ்துவின் உருவை இயல்பான மனித அளவில் அப்பீடத்தின் விளிம்பில் நிறுத்தினார். பீடத்தின் பருமையும் உருவின் சிறுமையும் தம்முள் முரணின. அதிகாரத்தின் முன் தனித்து நிற்கும் எளியவனின் நிலையை அம்முரணே உணர்த்திற்று.

2022இல் இடம்பெற்ற சம்சன் கம்பாலுவின் படைப்பு, 1914ஆம் ஆண்டு நிழற்படமொன்றைத் தழுவியது. வெள்ளையர் முன் ஆபிரிக்கர் தொப்பி அணியலாகாதென்றிருந்த நியாசாலாந்தில், ஜோன் சிலெம்புவே தொப்பியுடன் நிற்கின்றார். அருகே ஆங்கிலேய சமயப் பணியாளரான ஜோன் சோர்லி. சிற்பி சோர்லியை மனித அளவிலும், 1915இல் குடியேற்ற ஆட்சியை எதிர்த்தெழுந்து உயிர்துறந்த சிலெம்புவேயைப் பேருருவிலும் வடித்தார். உருவைப் பெருக்கிப் பெருமை சேர்க்கும் பழைய முறையைக் கொண்டே பழைய கணக்கைத் திருத்தினார் எனலாம்.

ஆயின், இத்திருத்தம் முற்றுப்பெற்றதெனக் கொள்ளல் பொருந்தாது. நான்காம் பீடத்துப் படைப்புக்கள் முறைமாறி வருவன. 2024இல் வேறொரு படைப்புக்கு இடம்விட்டுச் சிலெம்புவே இறங்கினார். நேப்பியரும் ஹவ்லொக்கும் தத்தம் பீடங்களை விட்டு அகலவில்லை. வெற்றியாளருக்கு நிலையான வெண்கலமும் வெல்லப்பட்டோருக்குச் சில ஆண்டுத் தவணையும் என்பது நடுநிலை ஆகுமா? விருந்தினனுக்கு இருக்கை இடுவது வேறு. அவனை வீட்டுக்கு உரியவனாக ஏற்பது வேறு.