ஆடிக் காற்றும் அந்தரத்துப் பெட்டியும்

பழனி அடிவாரத்தில் நிற்கிறவருக்குக் காற்று தெரியாது. கடைகளும் மடங்களும் விடுதிகளும் நாலு பக்கமும் அடைத்துக்கொண்டிருப்பதால், விபூதி வாசமும் பஞ்சாமிர்த வாசமும் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்படி ஓர் ஆடி மாதப் பிற்பகலில்தான், பலத்த காற்றால் ரோப் கார் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. வரிசையில் எனக்கு முன்னால் காங்கேயம் பக்கத்து ஆத்தா ஒருவர், முழங்காலைத் தேய்த்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

“காத்தே காணோமுங்களே தம்பி?” என்று வாசலில் நின்ற பணியாளரிடம் கேட்டார்.

“இங்க இல்லீங்காத்தா. அங்க மேல மரத்தைப் பாருங்க.”

பார்த்தோம். மலையின் பாதி உயரம் வரை மரங்கள் சும்மா நின்றன. அதற்கு மேல், கோடு கிழித்தாற்போல், எல்லா மரமும் கிழக்கே தலை சாய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டித்தான் வடம் மேலே போகிறது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தக் காற்று ஊர்க்காரர் மாதிரி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் கேரளத்துப் பக்கம் மலையில் முட்டி மழையாகக் கொட்டுகிற காற்று, இந்த வாசல் வழியாக மட்டும் இறுகி, வேகமெடுத்து உள்ளே வருகிறது. எங்கள் பக்கத்தில் மேக்காத்து என்போம். பொள்ளாச்சியின் தென்னைகளைச் சீவிவிட்டு, உடுமலைக்கும் பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் போய்க் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, கொடைக்கானல் மலையடியை ஒட்டிப் பழனிக்கும் வருகிறது. சமவெளியில் தனியாக நிற்கும் குன்று எதிர்ப்பட்டால் காற்று அதன் மேல் ஏறிக் கடக்கும்போது இன்னும் விரைகிறது. முருகன் நிற்கும் குன்று அப்படிப்பட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த ஊரில், ஒரு பெட்டியை வடத்தில் தொங்கவிட்டு ஆளை ஏற்றுகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

படி ஏறினால் ஏறத்தாழ 700 படி. இல்லையென்றால் யானைப்பாதை. 1966-இல் வந்த வின்ச் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவதால் அதற்குக் காற்றைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. 2004 நவம்பரில் ஓடத் தொடங்கிய ரோப் கார் மூன்றே நிமிடத்தில் மேலே சேர்த்துவிடும். ஆனால் அதற்குத் தரையே கிடையாது. பெட்டிகள் கோத்தாற்போல் ஒரு கூட்டம் ஏற, எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இறங்கும். அந்த மூன்று நிமிடத்தையும் காற்றின் கண்முன்னே கழித்தாக வேண்டும்.

அந்தப் பெட்டிக்கும் காற்றுக்கும் நடுவே நடப்பது மிக நுட்பமான பேச்சு. வடத்தின் போக்கிலேயே முன்னிருந்தோ பின்னிருந்தோ வீசும் காற்று அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. குறுக்கே அடிப்பதுதான் பெட்டியை, வடத்தைத் தாங்கும் கோபுரத்தின் பக்கம் தள்ளுகிறது. ஒரே சீராக அடிக்கும் காற்றுக்குப் பெட்டி சற்றுச் சாய்ந்து, அந்தச் சாய்விலேயே அமைதியாகப் போகும். விட்டுவிட்டு, கொத்துக் கொத்தாக அடிக்கும் காற்றுக்குத்தான் அது தடுமாறும். தொட்டிலை ஆட்டுகிற தாய், அது திரும்பி வரும் நேரம் பார்த்து ஒரு விரலால் தொட்டால் போதும், ஆட்டம் பெருகும். காற்றின் வீச்சு பெட்டியின் ஆட்டத்தோடு அப்படித் தாளம் சேர்ந்துவிட்டால் சிறு காற்றே பெரிய ஊசலைக் கொடுத்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகிறது என்ற கணக்கு வேறு இருக்கிறது. ஆகவே “கொஞ்சம் கூடுதலாக வீசுகிறது” என்பது கொஞ்சம் கூடுதலான ஆபத்து அன்று.

பனிச்சறுக்கு மலைகளில் இதே பேச்சு நாற்காலிகளோடு நடக்கிறது. ஆல்ப்ஸிலும் அமெரிக்க மலைகளிலும் மேலே போகப் பெரும்பாலும் வடத்தில் தொங்கும் நாற்காலிதான் வழி. அங்கே காற்றுக்காக நிறுத்துவதற்கு ‘விண்ட் ஹோல்டு’ என்று தனிப் பெயரே உண்டு. வழிக்கு வழி கணக்கு மாறும். பொதுவாகக் காற்று மணிக்கு 50, 60 கிலோமீட்டரை நெருங்கினால் வேகத்தைக் குறைப்பார்கள், மீறினால் நிறுத்துவார்கள். கழற்றி மாட்டும் வகை நாற்காலிகள் என்றால், புயலுக்கு முன்னரே வடத்திலிருந்து கழற்றிக் கொட்டகைக்குள் வரிசையாக நிறுத்தி, வெறும் வடத்தைக் காற்றுக்கு விட்டுவிடுவார்கள். ஆடு மாடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுக் காட்டை மழைக்கு விடுவது போல. அங்கே ஏறுகிறவர்கள் பனியில் சறுக்கியே இறங்கிவிடுவார்கள். அதனால் இறங்கும் பக்கத்து நாற்காலிகள் பெரும்பாலும் காலி. காலி நாற்காலிதான் காற்றில் மோசமாக ஆடும், பாரம் ஏறினால் நிதானம் வரும். பழனியில் இரண்டு பக்கமும் ஆள் உண்டு. ஏறியவர்கள் முருகனைப் பார்த்துவிட்டு இறங்கத்தானே வேண்டும்? ஆகவே இங்கே நிறுத்தும் முடிவு இரட்டைப் பாரமானது. நிறுத்திய பிறகு மேலேயும் ஒரு கூட்டம் காத்திருக்கும்.

அந்த முடிவை எடுத்த வரிசையை அன்று கண்ணால் பார்த்தேன். முதலில் கீழே ஏற்றுவதை நிறுத்தினார்கள். அந்தரத்தில் இருந்த பெட்டிகளை, ஓட்டத்தைத் தணித்து, பதறாமல் கொண்டு சேர்த்தார்கள். மேலிருந்து வந்த பெட்டியின் கதவைத் திறந்து கடைசியாக ஒரு மொட்டைத் தலைக் குழந்தையைத் தூக்கி இறக்கினார்கள். சந்தனம் பூசிய அந்தத் தலையில் காற்று அப்பிய தூசி ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் சக்கரம் நின்றது. நடுவழியில் ஆளை வைத்துக்கொண்டு நிறுத்துவது வேறு, எல்லோரையும் கரை சேர்த்துவிட்டு நிறுத்துவது வேறு. இரண்டாவதற்கு ஒருவர் காற்றைச் சில நிமிடம் முந்திக்கொண்டு யோசித்திருக்க வேண்டும். கும்பிடத் தோன்றியது எனக்கு.

காற்று முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. கரூர் மாவட்டம் குளித்தலை அருகே அய்யர்மலையில், 2024 ஜூலையில் ரோப் கார் திறந்த கையோடு காற்று வேகமாக அடித்து, வடம் உருளையை விட்டு விலகியது. பெட்டியில் இருந்த பெண்கள் அந்தரத்தில் தவித்துப் பிறகு மீட்கப்பட்டார்கள்.

வடம் உருளையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் இது புரியும். கோபுரத்துத் தலையில் வரிசையாக உருளைகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஓர் ஆழமற்ற பள்ளம், பள்ளத்துக்கு ரப்பர் மெத்தை. வடத்தின் இழுவிசையும் பெட்டிகளின் பாரமும்தான் அதை அந்தப் பள்ளத்தில் அமர்த்தி வைத்திருக்கின்றன. விலகினால் தாங்கிக்கொள்ள வெளிப்பக்கத்தில் கொக்கி போல ஓர் ஏந்தி இருக்கும். இத்தகைய வழிகளில் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது, அந்த இடத்திலேயே இருக்கும் ஒரு சின்னத் தண்டு. ஒடிவதற்கென்றே செய்தது. அதன் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். வடம் இடம் பெயர்ந்து அதன்மேல் விழுந்தால் தண்டு ஒடியும், மின்னோட்டம் அறும், மொத்த இயந்திரமும் நிற்கும். யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊடை அறுந்த நொடியில் தறி தானாக நிற்கும். முள்கரண்டி போன்ற ஒரு சிறு கம்பி, ஒவ்வொரு ஓட்டத்திலும் நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். தொடுவதற்கு நூல் இல்லையென்றால் தறியை நிறுத்திவிடும். சின்ன வயதில் அந்தத் திடீர் மௌனத்தைக் கேட்டுத்தான் “ஊடை போச்சு” என்று ஓடுவோம். அறுந்த நூலுக்கு நிற்கும் தறியும் விலகிய வடத்துக்கு நிற்கும் ரோப் காரும் ஒரே குலம் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் காற்று பெட்டியைத் தொட்டுத்தான் கெடுக்க வேண்டும் என்பதில்லை. பனிச்சறுக்குக்குப் பேர்போன காஷ்மீரத்துக் குல்மார்க்கில் 2017 ஜூன் 25 அன்று, பலத்த காற்று பக்கத்திலிருந்த ஒரு மரத்தை வேரோடு வடத்தின்மேல் சாய்த்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து, வடத்தை மட்டும் பார்க்காமல் வடத்தின் ஓரத்து மரங்களையும் பார்க்கிறேன்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் மேலே இருந்த மரங்கள் நிமிர்ந்தன. ஆத்தா வின்ச் வரிசைக்குப் போகவில்லை. அங்கே கூட்டம் மேற்கு கிரிவீதிக்கே வந்துவிட்டதாம். முதல் சுற்றுப் பெட்டிகளைக் காலியாக அனுப்பினார்கள். பணியாளர் கண்ணை இடுக்கிக்கொண்டு, கோபுரத்தைக் கடக்கும்போது அவை எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். காலிப் பெட்டியே நிதானமாகப் போய்விட்டால், ஆள் ஏறிய பெட்டிக்குக் குறையிருக்காது.

அப்புறம் எங்களை ஏற்றினார்கள். ஆத்தா என் எதிரே உட்கார்ந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைகளின் கூரை கீழே போனது. விபூதி வாசம் விட்டது. மரங்கள் சாய்ந்து நின்ற அந்த உயரத்தைக் கடந்ததும் அவருடைய முந்தானை மெல்ல எழுந்து கிழக்கே நீண்டது. ஒரு கையை எடுத்து அதை இழுத்து மடியில் செருகிக்கொண்டார்.

“இப்பத்தானுங்க தெரியுது,” என்றார்.