தோற்றம் என்றொரு புனைவு: பறையாட்டமும் ஆண் உடலும்

நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. ஐந்து பேர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, தட்டிப் பார்த்துவிட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு மட்டும் டீ தனியாக, பேப்பர் கப்பில் வந்தது. அடுத்த வாரம் அருகிலேயே ஒரு மண்டபத்தில் சீருடை போட்ட இளைஞர்கள் அதே பறையை அடித்தார்கள். ஒலிபெருக்கியில் 'ஆதித் தமிழனின் வீர ஆட்டம்' என்று அறிவிப்பு. ஒரே கைதட்டல்.

இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைத்தான் 'தோற்றம்' என்கிற சொல் மூடுகிறது. திணைதோறும் கருப்பொருளாகப் பறையைத் தொல்காப்பியம் சொல்கிறது, உண்மை. ஆனால் அங்கே பறை என்பது தோற்கருவிகளுக்குப் பொதுப்பெயர். அங்கிருந்து இன்றைய வட்டப் பறைக்கு நேர்க்கோடு போடும்போது நடுவிலிருந்த ஊழியமெல்லாம் காணாமல் போகிறது. இழவு சொன்னது, செத்த மாட்டை இழுத்தது, கூலியாக நெல் வாங்கியது எதுவும் மிஞ்சுவதில்லை. பெருமை நமக்கு, இழவு அவனுக்கு.

ஹங்கேரியிலும் இது நடந்திருக்கிறது. வெர்புங்க் என்ற ஆண்கள் ஆட்டம் 18ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் படைக்கு ஆள்பிடிக்க ஊர் ஊராக ஆடிக் காட்டியது. ஆள்சேர்ப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்தான் அதன் பெயர். அடவுகள் கிராமத்து இளைஞர்களுடையவை. வாசித்தவர்கள் பெரும்பாலும் விளிம்பில் ஒதுக்கப்பட்ட ரோமாக்கள். 19ஆம் நூற்றாண்டில் அதுவே தேசிய அடையாளமாயிற்று. பூட்ஸில் அறைவதும் குதிகாலை மோதுவதும் 'இயல்பான' வீரமாகிவிட்டன. இளைஞனின் உடலை அரசு விலைபேசிய கதை பின்னுக்குப் போயிற்று.

ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. ஆய்வாளர் ஜ்யோர்ஜ் மார்ட்டின், இஸ்த்வான் மாத்யாஷ் என்ற ஒரே ஒரு கிராமத்து ஆட்டக்காரரின் ஆட்டத்தை அடவடவாக ஆராய்ந்தார். அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2004இல், அது தனி நூலாக வந்தது. நாமோ சாதியை எழுதினோம், சடங்கை எழுதினோம். ஆட்டக்காரனைக் கலைஞனாக எழுதியது எத்தனை பேர்?

பாணியைப் பார்க்காமல் தோற்றம் பேசுவது வீண். தேவராட்டத்தில் ஆடுபவர் வேறு, தேவதுந்துபி அடிப்பவர் வேறு. பறையாட்டத்தில் இரண்டும் ஒரே உடல். தோளில் தொங்கும் பறை, ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் சிண்டுக்குச்சி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் ஆட்டம் காலுக்கும் இடுப்புக்கும் இறங்குகிறது. முழங்கால் மடங்குகிறது, தோள் சாய்கிறது. கருவியின் சுமையே அடவைத் தீர்மானிக்கிறது. இது உழைப்பின் அழகியல். போர்வீரனின் விறைப்பை இதில் தேடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார்கள்.

'ஆண்களின் ஆட்டம்' என்பதும் இயற்கை விதியில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் தொண்ணூறுகளிலிருந்தே அடித்து ஆடுகிறார்கள். வீரம் மீசையோடு ஒட்டிக்கொண்டது என்ற பேச்சை அந்தக் கால்களே உடைத்துவிட்டன.

2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் விருது மேடைக்குப் போகிறது, கட்டாயம் தெருவிலேயே இருக்கிறது. இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்களும், விடுதலைக் கருவியாக அதை மறுபடி எடுத்தவர்களும் எதிரெதிர் அணியல்ல. அடிப்பதா வேண்டாமா என்பதை அடிப்பவரே முடிவு செய்ய வேண்டும் என்றுதான் இருவருமே சொல்கிறார்கள். அந்த உரிமையைப் பேசாத பறைப் பெருமை, பேப்பர் கப்பில் வந்த அதே டீதான்.