சிறைக்குப் போனால் போதுமா? பிலிப் பெரிகனின் அறப்போர் குறித்து ஒரு மதிப்பீடு

2002 டிசம்பர் 6 அன்று பால்டிமோரில் இறந்தபோது அமெரிக்கப் போர் எதிர்ப்பாளர் பிலிப் பெரிகனுக்கு வயது 79. அதில் ஏறத்தாழ பதினோரு ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார். அவரைப் போற்றுபவர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்கிறார்கள். அவரைக் குறை சொல்பவர்களும் இதையே எடுத்து, இவ்வளவு சிறையிருந்து என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். இரு தரப்பும் சிறையை அளவுகோலாக்கிவிட்டன. அவர் எதை உடைத்தார், அந்தப் பொருளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்று பார்த்தால், அவருடைய வழிமுறையின் பலமும் பலவீனமும் தெளிவாகும்.

1923இல் மினசோட்டாவில் பிறந்த பெரிகன், இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தார். 1955இல் ஜோசபைட் சபையில் குருப்பட்டம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பணி செய்யவென்றே அமைந்த சபை அது. நியூ ஆர்லியன்சில் கறுப்பின மாணவர்களின் பள்ளியில் பாடம் நடத்தினார். உள்நாட்டு இன ஒடுக்குமுறையும் வியட்நாம் போரும் ஒரே வேரில் முளைத்தவை என்று 1965இல் பேசியதும், சபை மேலிடம் அவரை பால்டிமோருக்கு மாற்றியது. வாயை அடைக்கச் செய்த மாற்றல் அது. ஆனால் அவர் நாடறிந்த மனிதரானதே அங்கு போன பிறகுதான்.

1968 மே 17. பால்டிமோரை ஒட்டிய கேட்டன்ஸ்வில் என்ற ஊரில், ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குள் ஒன்பது பேர் நுழைந்தார்கள். பிலிப்பும், ஏசு சபைக் குருவான அண்ணன் டேனியலும் அவர்களில் இருவர். எழுத்தர்கள் தடுக்கத் தடுக்க, கம்பிக் கூடைகளில் 378 கோப்புகளை அள்ளி வண்டி நிறுத்துமிடத்துக்குக் கொண்டு வந்தார்கள். அவற்றின் மேல் ஊற்றியது வெறும் பெட்ரோல் அல்ல. அமெரிக்க ராணுவத்தின் சொந்தக் கையேட்டைப் பார்த்து, பெட்ரோலில் சோப்புச் சீவலைக் கலந்து வீட்டிலேயே செய்த நாபாம். கோப்புகள் எரிய, சுற்றி நின்று பரலோக மந்திரம் சொன்னார்கள். யாரும் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை காத்திருந்தார்கள்.

இந்தச் செயலின் பலம் அது உடைத்த பொருளில் இருந்தது. எரிந்தவை 1-ஏ கோப்புகள். போருக்கு உடனே அழைக்கத்தக்க இளைஞர்களின் கோப்புகள். எல்லாம் காகிதத்தில் இருந்த காலம். ஒரு கோப்பு எரிந்தால் ஓர் இளைஞனின் பயணம் தாமதப்படும். வியட்நாமியக் குழந்தைகள் மேல் விழுந்த அதே பொருளைக் காகிதத்தின் மேல் ஊற்றி, எதை எரிப்பது பெரிய குற்றம் என்று நாட்டைக் கேட்டார்கள். விளக்கவுரை தேவைப்படாத கேள்வி. அதே ஆண்டு மில்வாக்கியில் பதினான்கு பேர் சுமார் 10,000 கோப்புகளை எரித்தார்கள். வேறு பல ஊர்களிலும் அலுவலகங்கள் சூறையாடப்பட்டன.

அவர்கள் பக்கமே நின்றவர்களுக்கும் சங்கடம் இருந்தது. துறவி தாமஸ் மெர்ட்டன், இது வன்முறையின் எல்லையைத் தொடுவதாகக் கவலைப்பட்டார். கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் டாரதி டே, அவர்களின் துணிவை மதித்தாலும், சொத்தை அழிப்பது தம் வழியல்ல என்று விலகி நின்றார். அலுவலகத்தில் தள்ளுமுள்ளில் சிக்கிய பெண் எழுத்தர்கள் போரை நடத்தியவர்கள் அல்லர், மாதச் சம்பளக்காரர்கள். அவர்களின் அச்சத்தை எந்த உயர்ந்த நோக்கமும் இல்லையென்று ஆக்கிவிடாது.

அடுத்த விரிசல் வெளிப்படைத்தன்மையில் விழுந்தது. செய்ததை ஒளிக்காமல் தண்டனையை ஏற்பதே இந்த முறையின் அச்சாணி. ஆனால் 1970இல் சிறைக்குப் போகவேண்டிய நேரத்தில் பெரிகன் தலைமறைவானார். சில நாட்களில் பிடிபட்டார். அதற்கு முன்பே, 1969இல், அருட்சகோதரி எலிசபெத் மெக்அலிஸ்டரை இரகசியமாக மணந்திருந்தார். சிறையிலிருந்து அவருக்குக் கள்ளத்தனமாக அனுப்பிய கடிதங்கள், நம்பிக்கைக்குரியவர் என்று எண்ணிய சக கைதி வழியே எஃப்.பி.ஐ. கைக்குப் போயின. அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிங்கரைக் கடத்தச் சதி செய்ததாக 1972இல் ஹாரிஸ்பர்க்கில் நடந்த வழக்கு அந்தக் கடிதங்களின் மேல்தான் கட்டப்பட்டது. சதிக் குற்றச்சாட்டில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் வழக்கு நிற்கவில்லை. திருமணம் 1973இல்தான் வெளியே வந்தது. குருத்துவம் முடிந்தது, திருச்சபையின் விலக்கு இருவர் மேலும் விழுந்தது. மணந்ததில் பிழை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் உண்மையைப் பகிரங்கமாகச் சொல்வதையே ஆயுதமாகக் கொண்டவர், தோழர்களிடமும் நான்கு ஆண்டுகள் மறைத்தது சிறிய முரண் அல்ல.

1980 செப்டம்பர் 9 அன்று அவருடைய இரண்டாம் கட்டம் தொடங்கியது. பென்சில்வேனியாவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலைக்குள் எட்டுப் பேர் புகுந்து, அணு ஏவுகணைக்கான இரண்டு முகப்புக் கூம்புகளைச் சுத்தியலால் அடித்து, ஆவணங்கள் மேல் தங்கள் இரத்தத்தை ஊற்றினார்கள். போர்க்கருவியை உழுகருவியாக்கும், விவிலியத் தீர்க்கதரிசி எசாயாவின் கனவிலிருந்து 'கலப்பைக் கொழு' இயக்கம் பிறந்தது. உலகெங்கும் ஏறத்தாழ நூறு செயல்கள் அதைப் பின்பற்றின. ஆனால் கூம்பு கோப்பைப் போன்றதல்ல. அதை நசுக்கியதால் எந்த ஊரும் காப்பாற்றப்படவில்லை. ஆலை இன்னொன்றைச் செய்துகொள்ளும். அணு ஆயுதம் சட்டப்படி சரியா என்ற வாதத்துக்கு நீதிமன்றங்கள் பெரும்பாலும் இடம் தரவில்லை. வேலியைத் தாண்டினாயா, பொருளைச் சேதப்படுத்தினாயா என்பதோடு விசாரணை முடிந்தது.

விதிவிலக்குகளும் உண்டு. 1996இல் பிரிட்டனின் வார்ட்டனில் மூன்று பெண்கள் ஒரு ஹாக் விமானத்தைச் சுத்தியலால் அடித்தார்கள். கிழக்குத் திமோரை ஆக்கிரமித்திருந்த இந்தோனேசியாவுக்குப் போகவிருந்த விமானம் அது. லிவர்பூல் ஜூரி அவர்களை விடுதலை செய்தது. விற்பவர், வாங்குபவர், சாகப்போகிறவர் மூவரும் கண்முன் தெரிந்த இடத்தில் ஜூரிகளின் மனம் திரும்பியது. கேட்டன்ஸ்வில் சொன்னதும் இதையேதான்.

காத்திருந்து கைதாவது எப்போதும் சிறந்த வழிதானா என்பதும் கேள்வி. 1971 மார்ச் 8 இரவு, பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் எட்டுப் பேர் எஃப்.பி.ஐ. அலுவலகத்தை உடைத்து ஆவணங்களை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். திட்டமிட்டவர் இயற்பியலாளர் வில்லியம் டேவிடன். ஆள்சேர்ப்பு அலுவலகங்களைக் குறிவைத்த கத்தோலிக்கர்களிடம் பழகியவர். யாரும் அகப்படவில்லை. போராட்டக்காரர்களை அரசு வேவு பார்த்ததும் குலைத்ததும் நாட்டுக்குத் தெரிந்தது அதனால்தான். அங்கே யாராவது போலீசுக்காகக் காத்திருந்தால் ஆவணங்கள் பத்திரிகைகளைச் சென்றடைந்திருக்காது.

இந்த வழியின் மிகப் பெரிய குறை, அதில் நடக்கக்கூடியவர்கள் மிகச் சிலர் என்பது. காந்தியின் உப்பை யாரும் அள்ளலாம். ஆண்டுக்கணக்கில் சிறையிருக்க, பிள்ளைகளைப் பார்க்கவும் வாடகை கட்டவும் வேறு கைகள் வேண்டும். பால்டிமோரில் பெரிகனும் மெக்அலிஸ்டரும் அமைத்த யோனா இல்லம் அந்தக் கைகளைத் தந்தது. வீடுகளுக்கு வண்ணமடித்துச் சம்பாதித்து, வருமானத்தைப் பொதுவில் வைத்தார்கள். தம்பதியரில் ஒருவர் சிறையில் இருந்தால் மற்றவர் குழந்தைகளோடு இருந்தார். இந்த அமைப்பு இல்லாத ஒரு கறுப்பினத் தொழிலாளிக்குச் சிறை என்பது வேலையும் வீடும் போவதுதான். எந்த மக்களுக்காகக் குருவானாரோ அவர்களால் எளிதில் சேர முடியாத போராட்டமாக அது சுருங்கியது.

ஆகவே பெரிகனின் வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சிறை வாசம் அல்ல. தண்டனைக்கு அஞ்சாமை இல்லாமல் கேட்டன்ஸ்வில் நடந்திருக்காது. ஆனால் அதை அசைக்கவொண்ணாத நிகழ்வாக்கியது, ஓர் இளைஞனின் கோப்பு வரை போய்த் தொட்ட கூர்மை. அந்தக் கூர்மை மங்கிய இடங்களில் தியாகம் தனக்கே சாட்சியாக நின்றுவிட்டது. அவர் வழியில் போக நினைப்பவர்கள் எத்தனை ஆண்டு உள்ளே இருப்போம் என்பதற்கு முன், நம் கை யாருடைய துன்பத்தை நேரடியாகத் தடுக்கும் என்று கணக்குப் போடட்டும்.