ஒரே தொழில், வெவ்வேறு மனிதர்

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, வாய்மொழியாகவே கதையை வளர்க்கும் ஆட்டமொன்று 1974 இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதே அது. போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என மூன்று வகுப்புக்களே அதில் முதலில் இருந்தன. அடுத்த ஆண்டிற் கள்வனும் சேர்ந்தான். இங்கே வகுப்பு என்பது தொழிலையே குறிக்கும். நாம் பேசும் வர்க்கத்தையன்று.

குழுவிலே பல வகுப்பினரும் கலந்திருத்தல் வேண்டும் என்பது ஆடுவோர் வழக்கம். ஒருவன் வாளேந்துவான், மற்றொருவன் காயம் ஆற்றுவான். இதனை ஒத்துழைப்பு என்பர். ஆட்டத்திலே தொழிலைத் தெரிபவர் ஆடுவோரே. பிறப்பு அதனை விதிப்பதில்லை. எனினும், தொழிலைச் சொன்னதும் மனிதனைச் சொல்லிவிட்டதாக எண்ணும் பழக்கம் நமக்குப் புதியதன்று.

எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே தொழிலைக் கொடுத்தால் என்ன நிகழும்? கொட்டியாரக் குடாவிலே கரைவலை இழுக்கும் ஐவரை எண்ணிப் பார்ப்போம். ஐவருக்கும் கைத்திறன் ஒன்றே. பிடிக்கும் கயிறும் ஒன்றே. ஆகவே, ‘நீ யார்?’ என்ற வினாவுக்கு ‘வலை இழுப்பவன்’ என்ற விடை போதாது. மாரியிலே கடல் கொந்தளித்து வேலை நின்றபோது சம்மாட்டியிடம் கடன்பட்டவன் ஒருவன். அக்கடனுக்குப் பிணை நின்றவன் இன்னொருவன். பங்கு குறைந்ததென்று கேட்கத் துணிந்தவன் வேறொருவன். அவ்வேளை வாய்மூடி நின்றவன் மற்றொருவன். மகனைக் கடலுக்கு அனுப்பேன் என்று உறுதிபூண்டவன் ஐந்தாமவன். திறமை வேற்றுமை நீங்கிய இடத்தில் வாழ்க்கை வேற்றுமை தோன்றுகின்றது. காயம்பட்டால் ஆற்றுவார் குழுவில் இல்லை. ஊராரை நாடியே ஆகவேண்டும். எனவே கதையும் ஊருக்குள் வந்து சேர்கின்றது.

கதையை நடத்துபவர் இதனை உணராவிடின் ஆட்டம் கெடும். ஐவரும் ஒரே குரலிற் பேசுவர். அல்லது உரத்துப் பேசுபவரே ஐவருக்குமாகப் பேசுவார். ஆதலால் ஒவ்வொருவரையும் தனித்தனியே முடிவெடுக்க வைக்கும் நெருக்கடிகளை அவர் அமைத்தல் வேண்டும்.

இக்குறை ஆட்டத்துக்கு மட்டும் உரியதா? நமது முற்போக்குக் கதைகள் பலவற்றிலே தொழிலாளர் அனைவரும் ஒரே அச்சில் வார்த்த நல்லவர்களாக நிற்கின்றனர். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ (தொகுதியாக 1962) இன்றும் வாழ்வது, மீனவர் துயரைப் பொதுவாகப் பாடியதனால் அன்று; சொந்தமாக ஒரு தோணி வேண்டுமென ஏங்கிய ஒருவனின் மனத்தைத் தொட்டதனாலேயே. அவ்வேக்கத்தின் ஊடாகவே உடைமையற்றோர் அனைவரின் நிலையும் நமக்குப் புலனாகின்றது.

வர்க்க ஒற்றுமை என்பது ஒரே முகம் கொண்டோரின் கூட்டமன்று. அச்சமும் ஆசையும் வேறுவேறான மனிதர், அவ்வேற்றுமையை அறிந்தும் ஒரே கயிற்றைச் சேர்ந்து பற்றுவதே அது. ஆட்டமாயினும் இலக்கியமாயினும், அந்தக் கைகள் ஒவ்வொன்றையும் நாம் இனங்காணும்படி செய்தாலன்றி, கயிற்றை இழுப்பவர் யாரென்று நமக்குத் தெரியப்போவதில்லை.